தக்காளி பழுக்கிற மாசம்: பிரெஞ்சுக் கடற்கரைக்குக் கோடை வந்த கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

பிரான்ஸ்ல இருக்கிற ஒரு டீமோட வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும். ஆகஸ்ட் மாசம் மெயில் போட்டா மனுஷன் பதில் சொல்ல மாட்டார். மெஷின்தான் சொல்லும்: மூணு வாரம் விடுமுறையில இருக்கேன், வந்து பார்க்கிறேன். முதல் தடவை அந்த ஆட்டோ ரிப்ளையைப் பார்த்தப்போ எனக்குக் கோபம் வரல, பொறாமைதான் வந்துச்சு. இங்க நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு கேட்கணும்னா வீட்டுல யாருக்காவது கல்யாணம் நடந்தாகணும்.

அந்த மூணு வாரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் போய் நின்ன இடம் ஒரு காய்கறித் தோட்டம். சொல்லப்போனா ரெண்டு மூணு தோட்டம். எல்லாமே கடலோரம், எல்லாத்துலயும் விருந்தாளிங்க.

முதல்ல ஒரு ஆச்சரியம். இன்னைக்குத் தெற்கு பிரான்ஸ் கடற்கரைன்னா நமக்கு வெயில், குடை, நீச்சல் உடைதான் ஞாபகம் வரும். ஆனா 19ஆம் நூற்றாண்டு முழுக்க அது குளிர்காலத்துக்கான ஊர். 1834ல பிரிட்டிஷ் அரசியல்வாதி லார்ட் புரூம் கான் நகரத்துல தங்கினார். அவருக்குப் பின்னாடி பனிமூட்டத்துக்குப் பயந்த ஆங்கிலேயர், ரஷ்யப் பிரபுக்கள், நெஞ்சு நோய்க்காரங்க எல்லாரும் வரிசையா வந்தாங்க. விக்டோரியா மகாராணியே 1890கள்ல நீஸ் நகரத்துக்கு மேல இருக்கிற சிமியே குன்றுல வந்து தங்கினாங்க. 1887ல ஸ்டீபன் லியேஜார் எழுதின ஒரு புத்தகத்தாலதான் 'கோத் தஸூர்', அதாவது நீலக்கரைங்கிற பேரே அந்தக் கரைக்கு வந்துச்சு.

வசந்தம் முடிஞ்சா இவங்க எல்லாரும் கிளம்பிடுவாங்க. ஹோட்டல்களைப் பூட்டிடுவாங்க. வெயில்ல தோல் கறுக்கிறது கூலிக்காரங்களோட அடையாளம்னு நினைச்ச காலம் அது. கோடையில அந்தக் கரை மீனவர்களுக்கும் தோட்டக்காரங்களுக்கும்தான்.

இதை மாத்தினதுல பெரிய பங்கு ஒரு அமெரிக்கத் தம்பதிக்கு உண்டு. ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி. ஜெரால்ட் குடும்பம் நியூயார்க்ல மார்க் கிராஸ்ங்கிற தோல்பொருள் கடை வச்சிருந்தது. சாராவோட அப்பா அச்சு மை தயாரிச்சுப் பணக்காரர் ஆனவர். 1921ல மூணு குழந்தைங்களோட பிரான்ஸுக்கு வந்தாங்க. 1922 கோடையில பாட்டெழுதி இசையமைக்கிற கோல் போர்ட்டர் அந்தீப் முனையில ஒரு வீடு வாடகைக்கு எடுத்து இவங்களைக் கூப்பிட்டார். கோடையில அங்க போற பைத்தியக்காரத்தனம் அவரோடது. ஆனா அவர் திரும்பிப் போகல, இவங்க போனாங்க. 1923ல அங்க இருந்த ஓதெல் தியு காப் உரிமையாளர் அந்துவான் செல்லாகிட்ட பேசி, கோடையிலயும் ஹோட்டலைத் திறந்து வைக்கச் சம்மதிக்க வச்சாங்க. ஒரு சமையல்காரர், ஒரு பரிமாறுறவர், ஒரு வேலைக்காரப் பெண். அவ்வளவுதான் ஆட்கள். இவங்களைத் தவிர ஹோட்டல்ல ஒரு சீனக் குடும்பம் மட்டும் இருந்துச்சு. அந்தக் கோடையில பிக்காசோவும் மனைவி, மகன், அம்மாவோட அந்தீப்புக்கு வந்து சேர்ந்துகிட்டார்.

காரூப்னு ஒரு சின்னக் கடற்கரை. கடல்புல் கரையொதுங்கி மெத்தை மாதிரி கிடக்கும். ஜெரால்ட் தினமும் காலையில பரம்புக் கட்டையை எடுத்துட்டுப் போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமா வாரி ஒதுக்கி மணலை வெளியே கொண்டு வந்தார். இன்னைக்கு நாம பார்க்கிற 'பீச்' இப்படி ஒரு தனி மனுஷன் கையால சுத்தம் பண்ணினதுலேர்ந்துதான் தொடங்குதுன்னா கொஞ்சம் மிகைதான். ஆனா ரொம்ப மிகையில்ல.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு முரண் இருக்கு. தெற்குல ஜெரால்ட் குப்பைன்னு ஒதுக்கினதோட ஒண்ணுவிட்ட சொந்தம்தான் வடமேற்குல, பிரிட்டனி கடற்கரையில, காய்கறித் தோட்டத்தோட உயிர். அங்க கடற்பாசிக்கு 'கோயெமோன்'னு பேர். மண்ணு மெலிசு, உப்புக் காத்து. பாசியை வண்டி வண்டியா வாரி நிலத்துல போட்டாத்தான் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வரும். யார் எப்போ பாசி வெட்டலாம்னு 1681லயே 14ஆம் லூயி அரசாங்கத்தோட கடல் சட்டத்துல விதி எழுதி வச்சிருக்காங்க. தெற்குல ஒதுங்கினது பெரும்பாலும் பொசிடோனியாங்கிற கடல்புல், வேற இனம். ஆனாலும் உல்லாசத்துக்கு இடைஞ்சலா இருக்கிற ஒண்ணு, சோத்துக்கு எருவா இருக்கு பாருங்க.

சரி, மர்ஃபி வீட்டுக்கு வருவோம். அந்தீப் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, தோட்டத்தோட சேர்ந்து கிட்டத்தட்ட 7 ஏக்கர் வாங்கினாங்க. வீட்டைச் செப்பனிட்டு 1925ல குடிபோனாங்க. பேரு 'வில்லா அமெரிக்கா'. ஆரஞ்சு, எலுமிச்சை, ஆலிவ் மரங்கள், காய்கறித் தோட்டம், பால் மாடு எல்லாம் இருந்துச்சு. இவ்வளவும் எப்படிக் கட்டுப்படியாச்சு? பணக்காரங்கதான், ஆனா கணக்கு வேற இடத்துல இருக்கு. 1914ல ஒரு டாலருக்கு சுமார் 5 பிராங்க். 1926 ஜூலையில கிட்டத்தட்ட 50. டாலர்ல வருமானம், பிராங்க்ல செலவு. ஆன்சைட் போய்ட்டு வந்தவங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்ல.

விருந்தாளிங்க பட்டியல் ஒரு பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹெமிங்வே, பிக்காசோ, லெஜே, டோரத்தி பார்க்கர். எல்லாருக்கும் தோட்டத்துல மரத்தடியில சாப்பாடு. 1926ல ஹெமிங்வேயோட சின்னப் பையனுக்குக் கக்குவான் இருமல் வந்துச்சு. குழந்தைங்க இருக்கிற வீடுங்கிறதால அம்மாவையும் பையனையும் பக்கத்துல இன்னொரு வீட்டுல தனியா வச்சாங்க. சாப்பாட்டுச் சாமான் மர்ஃபி வீட்டுலேர்ந்து போகும். சாயங்காலமானா நண்பர்கள் வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ள இருக்கிறவங்களோட பேசிட்டே குடிச்சுட்டுப் போவாங்க. 2020ல நாம கேட்டுக்கு வெளியே நின்னு பேசினோமே, அதேதான்.

அதே வருஷம் ஒரு விருந்துல ஃபிட்ஸ்ஜெரால்ட் போதையில மேஜைமேல இருந்த அத்திப்பழத்தை எடுத்து ஒரு இளவரசி முதுகுல எறிஞ்சார். அப்புறம் வெனிஸ் கண்ணாடிக் கிண்ணங்களை ஒண்ணொண்ணா சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார். மூணு வாரம் வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு தண்டனை. பதிலுக்கு அவர் செஞ்சது, அந்த வீட்டையும் அந்தக் கரையையும் வச்சு ஒரு நாவல் எழுதினது. 1934ல வந்த 'டெண்டர் இஸ் தி நைட்'. மர்ஃபி தம்பதிக்கே சமர்ப்பணம். சாராவுக்கு அந்த நாவல் சுத்தமா பிடிக்கல.

நாவல் வந்தப்போ வீட்டுல கூட்டம் இல்ல. 1929ல கடைசிப் பையன் பாட்ரிக்குக் காசநோய்னு தெரிஞ்சுது. சுவிஸ் மலைக்குப் போனாங்க, அப்புறம் அமெரிக்காவுக்கே திரும்பிட்டாங்க. நல்ல ஓவியரா இருந்த ஜெரால்ட் அந்த வருஷத்தோட தூரிகையை வச்சுட்டார். 1935ல ஆரோக்கியமா இருந்த மூத்த பையன் பேயோத் மூளைக்காய்ச்சல்ல போயிட்டான். 1937ல பாட்ரிக். அந்தத் தோட்டத்துச் சாப்பாட்டு மேஜைப் புகைப்படங்களைப் பார்க்கும்போது இது ஞாபகத்துல இருக்கணும்னு தோணுது.

அடுத்த தோட்டம் கொஞ்சம் மேற்கே, சான் துரோப்பே. எழுத்தாளர் கொலெட். பிரிட்டனியில வச்சிருந்த ரோஸ்வென்ங்கிற கடலோர வீட்டை வித்துட்டு, 1926ல, 53 வயசுல, இங்க ஒரு சின்னப் பண்ணை வீடு வாங்கினாங்க. கிணத்தடியில மஸ்கட் திராட்சை படர்ந்திருந்ததால 'லா திரெய் முஸ்கத்', மஸ்கட் பந்தல்னு பேர் வச்சாங்க. கொஞ்சம் திராட்சைத் தோட்டம், அத்தி மரம், பைன் மரம், கீழே இறங்கினா கடல்.

மர்ஃபி தோட்டத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் மண்வெட்டி யார் கையில இருந்துச்சுங்கிறதுதான். அங்க தோட்டக்காரங்க இருந்தாங்க. இங்கயும் உதவிக்கு ஆள் உண்டு, ஆனா கொலெட் தானே இறங்கிக் கொத்துவாங்க, தண்ணி ஊத்துவாங்க. தோட்டக்காரி சிடோவோட மகளாச்சே. அம்மாவைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்காங்க. விடியக்காலையில எழுந்து தோட்டம், அப்புறம் கடல், அப்புறம் தூக்கம், எழுத்து. பூண்டுன்னா உயிர்.

தோட்டம் வச்சவங்களுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. நமக்கு ஆடிப்பட்டம் மாதிரி பிரான்ஸ்ல 'பனிப் புனிதர்கள்'. மே 11, 12, 13. அந்த மூணு நாள் தாண்டினாத்தான் கடைசிப் பனி போயிருக்கும், அப்போதான் தக்காளி நாத்தை நடணும்னு கிராமத்துல சொல்வாங்க. கடலோரத் தெற்குல அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்ல. ஆனா மேயில நட்ட தக்காளி ஜூலை பாதியில பழுக்கத் தொடங்கி ஆகஸ்ட்ல கொட்டும். தக்காளி, கத்தரி, சுக்கினி மூணும் ஒரே நேரத்துல. ஒரு குடும்பம் தின்னு தீர்க்க முடியாத அளவுக்கு. நீஸ் ஊரோட ரத்தத்தூய் இந்தப் பிரச்சினைக்கான தீர்வுதான்னு நான் நினைக்கிறேன். இன்னொரு தீர்வு விருந்தாளிங்க.

கத்தரிக்காய்னு சொன்னதால ஒரு சின்ன கிளைக்கதை. பிரெஞ்சுல 'ஓபெர்ஜின்'. அது கத்தலான் மொழி வழியா அரபியோட 'அல் பாதின்ஜான்'லேர்ந்து வந்துச்சு. அரபிக்குப் பாரசீகத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடி இந்தியா. மூலம் திராவிடச் சொல்லா இருக்கலாம்னு சொல்ற மொழியியலாளர்கள் உண்டு. நம்ம பழைய 'வழுதுணங்காய்' ஞாபகம் வருதா? அதே அரபிச் சொல் போர்ச்சுகீசியர் வாயில 'பெரிஞ்செலா' ஆகி, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து 'பிரிஞ்ஜால்' ஆச்சு. சூப்பர் மார்க்கெட்ல பிரிஞ்ஜால்னு பில் போடுறாங்களே, அது உலகத்தைச் சுத்திட்டு வீட்டுக்கு வந்த சொல்.

கொலெட் வீட்டுக்கு ஓவியர்கள் அடிக்கடி வருவாங்க. துனுவாயே த செகோன்சாக் அந்த வீட்டையும் தோட்டத்தையும் செதுக்கோவியமாவே பண்ணினார். 1928ல வந்த அவங்களோட 'லா நேசான்ஸ் த்யு ஜூர்' நாவல்ல அந்த வீடு இருக்கு. அப்புறம் நடந்தது உங்களுக்கே ஊகிக்க முடியும். அமைதியைப் பத்தி எழுதினாங்க, படிச்சவங்க அமைதியைத் தேடி வந்தாங்க, அமைதி போச்சு. கார்கள், வேடிக்கை பார்க்க வர்றவங்க. 1938ல வீட்டை நடிகர் ஷார்ல் வானேலுக்கு வித்துட்டாங்க. இன்ஸ்டாகிராம் வர்றதுக்கு 70 வருஷத்துக்கு மேல முன்னாடி.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் வசதியானவங்க கதை. இப்போதான் அந்த ஆட்டோ ரிப்ளைக்கு வர்றோம்.

1936 மே மாசம் பிரான்ஸ்ல இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணி தேர்தல்ல ஜெயிச்சுது. புது அரசாங்கம் பொறுப்பேற்கிறதுக்குள்ளேயே தொழிலாளர்கள் ஆலைகளுக்கு உள்ள உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. ஜூன்ல கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். முதலாளிகள் இறங்கி வந்தாங்க. ஜூன் 20ஆம் தேதி சட்டம்: ஒரு வருஷம் வேலை பார்த்த யாருக்கும் சம்பளத்தோட 15 நாள் விடுமுறை. வாரம் 40 மணி நேர வேலைச் சட்டமும் அதே மாசம். ஓய்வுத் துறையைப் பார்த்த லியோ லாகிராஞ்ச் ரயில் கம்பெனிகளோட பேசி 40 சதவீதத் தள்ளுபடி டிக்கெட் கொண்டு வந்தார். அந்த வருஷம் சுமார் 6 லட்சம் பேர் அதை வாங்கினாங்க. முதல் தடவையா கடலைப் பார்த்தவங்க அதுல நிறைய. பழைய விருந்தாளிங்க முகம் சுளிச்சாங்க. வலதுசாரி வட்டாரத்துல இவங்களுக்கு வச்ச பேர் 'தொப்பி போட்ட பொறுக்கிங்க'. தொழிலாளியோட துணித் தொப்பியைச் சொல்றாங்க.

ஒரு விஷயத்தை இங்க தாண்டிப் போக எனக்கு மனசில்ல. அந்தக் கோடையில பிரெஞ்சுக் கொடி பாண்டிச்சேரியிலயும் பறந்துச்சு. சவானா மில் தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கிற உரிமை கேட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தாங்க. பாரீஸ் தொழிலாளி செஞ்ச அதே வேலை. 1936 ஜூலை 30. துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தாங்க. அங்க முதல் விடுமுறை ரயில்கள் கிளம்பத் தயாராகிட்டு இருந்த அதே நாட்கள். பாரீஸ்ல இருந்தது அதே லியோன் புளூம் அரசாங்கம். ஜூன்ல அங்க தொழிலாளிக்குக் கடலைக் காட்டின அரசாங்கத்தோட போலீஸ் ஜூலைல இங்க சுட்டுச்சு. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பாரீஸ் வரைக்கும் போய்ப் பேசினார். 1937 ஏப்ரல்ல வந்த ஆணை 8 மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் ஏத்துக்கிச்சு. ஆசியாவிலேயே முதல் சிலதுல அது ஒண்ணு. பிரெஞ்சு விடுமுறை வரலாற்றைப் பேசுறவங்க இந்த ஜூலை 30ஐ விட்டுட்டுப் பேசினா அந்தக் கதை பாதிக் கதைன்னு நான் சொல்வேன்.

சரி, அந்த 15 நாள் லீவுல அவங்க எங்க போனாங்க? சினிமாவுலயும் புகைப்படத்துலயும் கடற்கரைதான். ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள், கூடாரம், சிரிப்பு. ஆனா நிறைய பேரு வீட்டை விட்டே நகரல. 15 நாள் சம்பளம் கையில இருந்தா மட்டும் ஹோட்டல்ல தங்க முடியுமா? கிளம்பினவங்கள்ல பெரும்பாலானவங்க போனது கிராமத்துக்கு, சொந்தக்காரங்க வீட்டுக்கு. கடலோரச் சொந்தம் இருந்தவங்களுக்கு அதிர்ஷ்டம். பிரிட்டனியிலேர்ந்து பாரீஸுக்கு வேலைக்குப் போனவங்க ஏராளம். மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா ஊர்தான். தாத்தா வீடு, பாசி எரு போட்ட தோட்டம். விருந்தாளி சும்மா உட்கார முடியாது. காலையில உருளை தோண்டணும், பீன்ஸ் பறிக்கணும், சாயங்காலம் தண்ணி ஊத்தணும். கடலுக்குப் போறது அதுக்கு நடுவுல. திரும்பும்போது பையில வெங்காயம். நம்ம முழுப்பரீட்சை லீவுல ஊருக்குப் போன கதைக்கும் இதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. அந்த வீட்டுல அடுப்படியில நின்னது பாட்டிங்கிறதும் சேர்த்துத்தான். அவங்களுக்கு எந்தச் சட்டத்துலயும் 15 நாள் இல்ல.

நாலே கோடை. 1939 செப்டம்பர்ல போர். 1940ல ஜெர்மன் ஆக்கிரமிப்பு, ரேஷன். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் ரொட்டின்னு ஆரம்பிச்சு அப்புறம் இன்னும் குறைஞ்சுது. உருளைக்கிழங்கு ஜெர்மன் ராணுவத்துக்குப் போக, மாட்டுத் தீவனமா இருந்த ருடபாகா கிழங்கும் தொப்பினாம்பூரும் தட்டுக்கு வந்துச்சு. போரைப் பார்த்த பிரெஞ்சுத் தலைமுறையில பலபேர் அதுக்கப்புறம் அந்தக் கிழங்குகளைத் தொடவே இல்ல. ஊர்ல தோட்டம் வச்சிருந்த உறவு இருக்கா இல்லையாங்கிறதுதான் பட்டினிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல நின்னுச்சு. 1936ல லீவுக்குப் போன அதே வீட்டுக்கு, இப்போ பாரீஸ்காரங்க முட்டையும் கிழங்கும் கேட்டுக் கடிதம் எழுதினாங்க. தபால்ல குடும்பப் பொட்டலம் அனுப்ப அரசாங்கமே அனுமதி கொடுத்துச்சு.

கடற்கரையோ மூடப்பட்ட பகுதி. காங்கிரீட், முள்கம்பி, கண்ணிவெடி. 1944 ஆகஸ்ட் 15ஆம் தேதி நேசப்படைகள் தெற்குல இறங்கினது கொலெட் குளிச்சிட்டிருந்த சான் துரோப்பே சுத்துவட்டாரத்துக் கரைகள்லதான். போர் முடிஞ்சப்போ பிரான்ஸ் மண்ணுல ஒரு கோடிக்கும் மேல கண்ணிவெடி இருந்ததா கணக்கு. ரேமோன் ஒப்ராக்ங்கிற எதிர்ப்பியக்க வீரர் தலைமையில அகற்றினாங்க. பெரும்பகுதி வேலையை ஜெர்மன் போர்க் கைதிகளை வச்சுச் செஞ்சாங்க, நிறைய பேர் அதுலயே செத்தாங்க. 1945 கோடையில பல கடலோர வீடுகள்ல நிலைமை இதுதான்: தோட்டத்துல தக்காளி பழுத்திருக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் மணல்ல கால் வைக்க முடியாது.

மீதிக் கதை வேகமா ஓடுது. 1956ல மூணாவது வாரம், 1969ல நாலாவது, 1982ல அஞ்சாவது. 1956லயே பிரிஜித் பார்தோ நடிச்ச படம் சான் துரோப்பேல எடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்த ஊரைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல, அங்க காய்கறித் தோட்டம் போடுற விலையில நிலம் கிடைக்காது.

இந்த எபிசோடுக்குப் படிச்சதுல என்னை ரொம்ப நாள் விடாம இருக்கிறது அந்த ஜூலை 30தான். உங்க தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பாண்டிச்சேரி மில்லுல வேலை பார்த்திருந்தா, 1936 பத்தி வீட்டுல ஏதாவது பேச்சு இருந்திருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. அனுமதி கொடுத்தீங்கன்னா அடுத்த எபிசோடுல சேர்த்துக்கலாம். ஆகஸ்ட்ல அனுப்பினாலும் பதில் நானே போடுவேன்.